அனுமதி கையில் இருக்கிறது. அளவு நாடா யார் கையில்?

குருவி சேர்ப்பதுபோல் பணம் சேர்த்து, நகையை அடகு வைத்து, வங்கியிலும் கடன் வாங்கி ஒரு குடும்பம் வீடு கட்டத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் இந்த வேலை. இரண்டாம் முறை கட்ட எத்தனை பேரால் முடியும்? ஆகவே முதல் முறையே சரியாகக் கட்டிவிட வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? வாசற்கதவு எந்த மரம், தரைக்கு எந்தக் கல், சுவருக்கு என்ன நிறம் என்று வீட்டார் கூடி வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். கட்டிட அனுமதி உத்தரவோ பீரோவில் துணிக்கு அடியில் தூங்குகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

"அனுமதிதான் வந்துவிட்டதே, இனி என்ன?" என்று கேட்கிறார்கள். இனிமேல்தான் எல்லாம் இருக்கிறது. அனுமதி என்பது வெறும் சீட்டு அல்ல. "இந்த நிபந்தனைகளின்படி கட்டுகிறேன்" என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. வாக்கைக் காப்பாற்றினால் யாருக்கு லாபம்? முதல் லாபம் உங்களுக்கே!

உடனே அனுமதி வரும் காலம்

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வந்தன. அதற்கு முன் மாநகராட்சிக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி என்று இருந்தது. அவற்றையெல்லாம் ஒன்றாக்கியதே இந்த விதித் தொகுப்பு.

அதன் பிறகு, 2024-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி, சுயசான்றிதழ் முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அல்லது தரைத்தளமும் ஒரு மாடியுமோ கட்டுகிறவர்களுக்கு இந்த முறை. 2,500 சதுர அடி என்றால் ஒரு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நடுத்தரக் குடும்பங்கள் கட்டும் வீடுகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

இவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றை ஏற்றிக் கட்டணத்தைச் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். அலுவலகப் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. "இன்று போய் நாளை வா" என்ற பேச்சும் இல்லை. ஏழை எளியவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. "சுயசான்றிதழ்" என்ற சொல்லிலேயே செய்தி இருக்கிறது. மனை இன்ன அளவு, கட்டிடம் இன்ன அளவு, விதிப்படிதான் கட்டுவேன் என்று சான்று சொல்வது யார்? நீங்கள்! உங்கள் சொல்லை நம்பியே அனுமதி தரப்படுகிறது. சொன்னது ஒன்று, கட்டியது ஒன்று என்றால் அந்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

முன்பெல்லாம் அனுமதி தருவதற்கு முன் ஓர் அதிகாரி வந்து மனையைப் பார்ப்பார். இப்போது சிறிய வீட்டுக்கு அந்தக் கண் உங்கள் கண்தான். அதிகாரி பிடிக்க வேண்டிய அளவு நாடாவை நீங்கள் பிடிக்க வேண்டும். அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் மனை

வீட்டைப் பற்றி யோசிக்கும் முன் மனையைப் பற்றி யோசியுங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ள மனையா? இல்லையென்றால் வரன்முறை செய்யப்பட்டதா? விவசாய நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி விற்ற மனைகளை வாங்கி அவதிப்பட்டவர்கள் ஏராளம். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி வரை உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் திட்டம் வந்தது. வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டிட அனுமதி கிடைக்காது.

பத்திரத்தில் உள்ள நீள அகலமும், தரையில் உள்ள நீள அகலமும் ஒன்றுதானா என்று நாடா பிடித்துப் பாருங்கள். அரையடி, ஓரடி வித்தியாசம் பல இடங்களில் உண்டு. பத்திரத்தில் 30 அடி, தரையில் 29 அடி என்றால் வரைபடம் 29 அடிக்குத்தான் போட வேண்டும். இல்லாத ஓரடியை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தா? வழக்குகள் பிறப்பது இப்படித்தான்.

வரைபடத்தைப் படிப்பது எப்படி?

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இன்ஜினீயர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்க வேண்டாம். வரைபடம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. மேலேயிருந்து வீட்டை எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அதுதான் படம். தடித்த கோடு சுவர். சுவரில் விட்ட இடைவெளி வாசல் அல்லது ஜன்னல். அதைச் சுற்றி மெல்லிய கோடு மனையின் எல்லை. எல்லைக்கும் சுவருக்கும் நடுவே சில எண்கள் இருக்கும். அந்த எண்களின் மேல் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அவைதான் நீங்கள் காலியாக விட வேண்டிய இடம். முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு, இரண்டு பக்கவாட்டிலும் எவ்வளவு என்பது தெருவின் அகலத்தையும் கட்டிடத்தின் உயரத்தையும் பொறுத்தது. பக்கத்து வீட்டின் அளவு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வரைபடத்தில் உள்ளதே உங்கள் அளவு.

ஏன் இடம் விட வேண்டும்? காற்று வர வேண்டும். வெளிச்சம் வர வேண்டும். அடுப்பங்கரையில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் இருக்க வேண்டும். சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் நுழைந்து சரிசெய்ய வேண்டும். கிழவர் ஒருவர் மயங்கி விழுந்தால் கட்டிலோடு தூக்கி வர வழி வேண்டும். நம் பாட்டன்மார் வீட்டுக்கு நடுவே முற்றம் வைத்தார்கள். வாசலில் திண்ணை வைத்தார்கள். காற்றையும் வெளிச்சத்தையும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். இன்று மனை சுருங்கிவிட்டது, முற்றம் போய்விட்டது. சுற்றிலும் விடும் அந்தச் சில அடிதான் மிச்சம். அதையும் விழுங்கிவிட்டால் பகலிலும் விளக்குப் போட்டு வாழ வேண்டியதுதான்.

அறைகளின் அளவுக்கும் கணக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிடத் தொகுப்பு விதி, மனிதர் தங்கும் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது சுமார் 102 சதுர அடி. அகலம் 2.4 மீட்டர், ஏறக்குறைய எட்டடி. உயரம் 2.75 மீட்டர், ஒன்பது அடி. சென்னையைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். நூறு சதுர அடி அறைக்குப் பதினாறு, பதினேழு சதுர அடி ஜன்னல். அம்மாடி, அவ்வளவு பெரிதா என்று தோன்றும். சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும்.

வாஸ்து பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதை வரைபடம் போடும் முன் பாருங்கள். அனுமதி வாங்கி, வானம் தோண்டிய பிறகு ஒருவர் வந்து, "சமையலறையை இங்கே மாற்று, படியை அங்கே வை" என்றால், நீங்கள் கொடுத்த வாக்கு அன்றே முறிந்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வேலையை நிறுத்தி, திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிய பிறகு தொடருங்கள்.

இரண்டடி ஆசை

இனி மனைக்குப் போவோம். சுண்ணாம்புக் கோடு போடும் நாள். வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"சார், இந்தப் பக்கம் ரெண்டடி சும்மாதானே கிடக்குது? சுவரைத் தள்ளிப் போட்டா ஹால் பெருசாகும்" என்கிறார் மேஸ்திரி.

"பிளான்ல அப்படி இல்லையே, மேஸ்திரி?"

"பிளான்படி யாரு சார் கட்டுறாங்க? யாரு வந்து அளக்கப் போறாங்க?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்க்கிறார். "ஏங்க, ஹால் பெருசா இருந்தா நல்லதுதானே?" என்கிறார் அந்த அம்மாள்.

முடிந்தது! இரண்டடி போய்விட்டது.

மேஸ்திரி கெட்டவர் அல்ல. உங்களை மகிழ்விக்க நினைக்கிறார். ஆனால் நாளை நோட்டீசு வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். அவர் அப்போது வேறு ஊரில் வேறு வீட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அனுமதிக்கு மாறான கட்டிடத்தை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு.

சுண்ணாம்புக் கோட்டை அழிக்க ஒரு துடைப்பம் போதும். எழும்பிய சுவரை இடிக்க ஆட்கூலி வேண்டும். கான்கிரீட்டை உடைக்க இயந்திரம் வேண்டும். ஆகவே நாடா பிடிக்க வேண்டிய நாள் கோடு போடும் நாளே. நான்கு பக்கமும் அளந்து, வரைபடத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே வானம் தோண்டச் சொல்லுங்கள்.

தலைக்கு மேலே பாருங்கள்

கோடு போடும்போது தரையை மட்டும் பார்த்தால் போதாது. அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி போகிறதா?

தெருவில் வீடுகளுக்கு மின்சாரம் தரும் கம்பிக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நான்கடி இருக்க வேண்டும். கட்டிடத்துக்கு மேலே போனால் 2.5 மீட்டர், எட்டடிக்கும் மேல் இருக்க வேண்டும். 11,000 வோல்ட் உயர் அழுத்தக் கம்பியானால் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர், பன்னிரண்டு அடி. கம்பி தொய்ந்தாலும் காற்றில் ஆடினாலும் இந்த இடைவெளி குறையக் கூடாது.

முதல் மாடியில் பால்கனியை இரண்டடி நீட்டினால் அழகாகத்தான் இருக்கும். துணி உலர்த்தப் போகும் பெண்ணும், பட்டம் விடும் பையனும் கம்பிக்கு எத்தனை அடி தூரத்தில் நிற்பார்கள் என்பதை அப்போது எண்ணிப் பாருங்கள். கம்பியை மாற்ற வேண்டுமானால் மின்வாரியத்துக்கு மனுக் கொடுத்து, பணம் கட்டி, மாற்றிய பிறகே கட்டுங்கள்.

மண்ணுக்குள் மறைவது திரும்பத் தெரியாது

கட்டிடத்தில் சோதிக்க வேண்டியவற்றில் முக்கியமானவை எல்லாம் சில நாளில் மறைந்துவிடும். அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விடும். கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடும். ஆகவே மறைவதற்கு முன் பார்க்க வேண்டும். "அடுத்த வேலை தொடங்கும் முன் என்னிடமும் இன்ஜினீயரிடமும் காட்டு" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பெரிய கட்டிடங்களில் குறிப்பிட்ட கட்டங்களில் அதிகாரிகள் வந்து பார்வையிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உங்கள் உத்தரவில் அப்படி எழுதியிருந்தால் அந்தக் கட்டம் வந்ததும் எழுத்து மூலம் தெரிவித்து, பார்த்த பிறகு தொடருங்கள்.

முதல் கட்டம் அஸ்திவாரம். மண் எப்படிப்பட்டது? கரிசல் மண் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணில் நிற்கும் அஸ்திவாரம் அங்கே நிற்காது. மண் சோதனைக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறிய பங்கு.

இரண்டாம் கட்டம் பேஸ்மட்டம். சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர், ஒன்றரை அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியத் தொகுப்பு விதி. தெருவில் புதுச் சாலை போடும்போதெல்லாம் சாலை ஏறிக்கொண்டே போகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் கட்டம் கம்பி. கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அந்தக் கான்கிரீட்தான் கம்பிக்குச் சட்டை. சட்டை கிழிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். 2000-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட 456-ஆம் எண் இந்தியத் தர விதி இதற்கு அளவு சொல்கிறது. சாதாரணச் சூழலில் கூரைத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், முக்கால் அங்குலம். தூணுக்கு 40 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலம். அஸ்திவாரத்துக்கு 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம். கடலோர ஊர்களில் தளத்துக்கும் இன்னும் அதிகம் வேண்டும். இதற்கென்று கவர் பிளாக் விற்கிறார்கள். உடைந்த ஜல்லியை முட்டுக்கொடுத்து ஒப்பேற்ற விடாதீர்கள்.

நான்காம் கட்டம் கான்கிரீட். கலவை குழைவாக இருந்தால் கொட்டுவதற்குச் சுலபம். அதனால் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சேர்ப்பார்கள். மோரில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கான்கிரீட்டும் அப்படித்தான். கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்-20. வேலையிடத்தில் அளவு போட்டுக் கலக்கும் எம்-20 கலவைக்கு, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று அதே விதி சொல்கிறது. வாளியில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

அன்றைய கலவையில் கொஞ்சம் எடுத்து 15 சென்டிமீட்டர் கன அச்சில் வார்த்து வையுங்கள். 28-ஆம் நாள் சோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்-20 என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் தரம். காகிதத்தில் வரும் அந்தச் சான்றை அனுமதி உத்தரவோடு சேர்த்து வையுங்கள்.

ஐந்தாம் கட்டம் பொறுமை. கான்கிரீட் போட்ட பிறகு ஈரம் காயாமல் காக்க வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் விற்பது சாம்பல் அல்லது கசடு கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் நல்லது. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைக்கலாம். இது வீட்டில் உள்ள பெரியவர்களே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை.

முட்டுகளை எப்போது பிரிப்பது? சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது, பிரிக்க அவசரப்படுவார்கள். சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டர், அதாவது பதினைந்தடிக்கு உட்பட்ட தளத்துக்குக் குறைந்தது 7 நாள். அதற்கு மேல் 14 நாள். உத்திரம், அதாவது பீம், 6 மீட்டர் வரை 14 நாள்; அதைத் தாண்டினால் 21 நாள். கலப்பு சிமெண்டுக்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும். எத்தனை நாள் என்று இன்ஜினீயர் சொல்லட்டும். வாடகைக்காரர் சொல்ல வேண்டாம்.

மௌலிவாக்கம் மறக்கலாமா?

"இதெல்லாம் பெரிய பெரிய பேச்சு. நம் வீடு விழுந்துவிடப் போகிறதா?" என்று சிலர் கேட்கலாம்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி மாலை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் நொடியில் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அவர்களில் இருந்தார்கள். சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். அதன் அருகே எழும்பியிருந்த இன்னொரு கட்டிடமும் ஆபத்தானது என்று கண்டு, 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அந்தக் கட்டிடத்துக்கும் அனுமதிச் சீட்டு இருந்தது. சீட்டு கட்டிடத்தைத் தாங்காது. மண்ணும் தூணும்தான் தாங்க வேண்டும். இரண்டு மாடி வீட்டுக்கும் பதினொரு மாடி வீட்டுக்கும் இந்த உண்மை ஒன்றே.

மழை நீரும் கழிவு நீரும்

2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வரைபடத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டு, தரையில் ஒன்றும் செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு. யாரை ஏமாற்றுகிறார்கள்? கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது அவர்கள் வீட்டுப் பெண்கள்தானே!

மாடியில் விழும் நீரை ஒரே குழாயில் சேர்த்து, ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றிலோ உறிஞ்சுகுழியிலோ விடுங்கள். புரட்டாசியில் ஒருமுறை மாடியைக் கூட்டி, தொட்டியின் மணலை அலசிப் போட்டால் ஐப்பசி மழை வீணாகாது. கழிவுநீர்த் தொட்டியை கிணற்றுக்கும் இந்தக் குழிக்கும் எட்டத்தில், வரைபடத்தில் காட்டிய இடத்தில் மட்டும் கட்டுங்கள். அதன் மூடி திறக்கும்படி இருக்கட்டும். மூடியின் மேல் படிக்கட்டு கட்டிவிட்டு, தொட்டி நிறைந்த பிறகு விழிப்பவர்கள் உண்டு. எக்காரணம் கொண்டும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இயந்திர வண்டி வந்து குழாய் விடுவதற்கு வழி வையுங்கள்.

வீடு முடிந்த பிறகு

கட்டிட முடிவுச் சான்று என்று ஒன்று உண்டு. அனுமதித்தபடியே கட்டியிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் பார்த்துத் தருவது அது. சுயசான்றிதழ் முறை தொடங்கியபோது, அதில் கட்டும் சிறு வீடுகளுக்கு இந்தச் சான்றிலிருந்து விலக்குத் தரப்பட்டது.

ஆனால் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி உச்சநீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்பு மனையில் கடைகள் கட்டிய வழக்கு அது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகிய இருவரும் நாடு முழுவதற்கும் சில கட்டளைகள் இட்டார்கள். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டும் இடத்தில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். முடிவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தர வேண்டும். வங்கிகளும் அதைப் பார்த்துக் கடன் தர வேண்டும்.

உங்கள் வீட்டுக்குச் சான்று வேண்டுமா, விலக்கு உண்டா என்பதை மின் இணைப்புக்கு மனுப் போடும் நாளில் கேட்காதீர்கள். வேலை தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டு வையுங்கள். விலக்கு இருந்தாலும், வரைபடப்படி கட்டியவருக்கே நிம்மதி. மகள் கல்யாணத்துக்காக வீட்டை அடமானம் வைக்கப் போகும் நாளில் வங்கியின் இன்ஜினீயர் நாடாவோடு வருவார். விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் வக்கீல் வரைபடத்தைக் கேட்பார். அன்று அந்த இரண்டடி ஹால் கேள்வி கேட்கும்.

அடுக்கு வீடு வாங்குவோருக்கும் ஒரு சொல். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டிடம் என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முடிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். சாவி வாங்கி ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால், கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம் தரும் உரிமை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

கடைசியாக ஒரு யோசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றும், 30 மீட்டர் நாடா ஒன்றும் வாங்குங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அனுமதி எண், தேதி, அது செல்லும் காலம் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் உத்தரவில் உள்ள நிபந்தனைகளை ஒன்று, இரண்டு என்று எழுதுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, வீட்டார் எல்லோரும் கேளுங்கள். புரியாததை இன்ஜினீயரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவருடைய கையெழுத்தும் அந்த வரைபடத்தில் இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் தேதி போட்டு எழுதுங்கள். கோடு போட்ட நாள், நான்கு பக்க அளவு. அஸ்திவாரத்தின் ஆழம். கம்பி கட்டி முடித்த நாள். அன்று இன்ஜினீயர் வந்தாரா? கான்கிரீட் போட்ட நாள், எத்தனை மூட்டை. முட்டுப் பிரித்த நாள். செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். சுவருக்குள் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று பூச்சுக்கு முன் எடுத்த படம், பத்தாண்டு கழித்து ஆணி அடிக்கும்போது உதவும்.

இதைப் பார்க்கும் மேஸ்திரி முதல் நாள் சிரிப்பார். இரண்டாம் நாள் கவனிப்பார். மூன்றாம் நாள், "அம்மா, கம்பி கட்டியாச்சு, வந்து பாருங்க" என்று அவரே கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட வைப்பது கோபமும் அதட்டலும் அல்ல. வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும் என்ற எண்ணமே.

அனுமதி பெறுவது எளிதாகிவிட்டது, நல்லதே. அதனால் மிச்சமான அலைச்சலையும் நேரத்தையும் மனையில் செலவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு முதல் அதிகாரி நீங்களே. கோடு போடும் நாளன்று நாடாவை மறந்துவிட்டுப் போகாதீர்கள்!